வானத்துக் கல் வாசலில் விழுந்தால்

கொடுங்கல்லூர் என்றதும் நம்மவர்களுக்குக் கண்ணகியும், சேரமான் பெருமாளும், பழைய முசிறித் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். அங்குள்ள பகவதி கோயிலுக்கு ஒரு தடவையாவது போய்வராத தமிழ்க் குடும்பம் மட்டாஞ்சேரியில் அநேகமாக இருக்காது. ஆனால் உலக விண்கல் பட்டியலிலும் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1917-ம் ஆண்டு அங்கே வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பெயரை எப்படி எழுதினார்களோ அப்படியே "கிராங்கனூர்" என்று அது இன்றும் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1914 ஏப்ரல் 6-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் குற்றிப்புரத்தில் விழுந்தது இன்னும் பெரியது. முப்பத்தெட்டுக் கிலோ. ஷொரணூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு ரயிலில் போன அன்பர்கள் எல்லோரும் குற்றிப்புரம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

இந்தக் கற்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். விண்கல் விஷயத்தில் விஞ்ஞானி எப்போதும் இரண்டாவதாகத்தான் வருகிறார். முதலில் வருபவர் வயலில் மடை திறக்கப் போனவர், மாடு மேய்ப்பவர், வாசல் தெளிக்க வந்த அம்மாள். கல்லுக்கு என்ன நடக்கிறது என்பது அந்த முதல் ஆள் கையில் இருக்கிறது. கழுவினாரா, உடைத்தாரா, எண்ணெய் தடவினாரா, காகிதத்தில் பொதிந்து வைத்தாரா என்பதைப் பொறுத்து அந்தக் கல்லின் பாதிக் கதை பிழைக்கிறது அல்லது அழிகிறது. நானூற்றைம்பது கோடி வருடம் கெடாமல் இருந்த பொருள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து ஒரு வாரத்தில் கெட்டுப்போகிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

எனக்கு வானவியல் படிப்பு கிடையாது. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பிரிவில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். தண்டவாளத்துக்குக் கீழே கொட்டும் ஜல்லியோடு பழகியதுதான் எனக்கும் கல்லுக்கும் உள்ள சம்பந்தம். 2015 பிப்ரவரி 27 இரவு பத்து மணி சுமாருக்கு எர்ணாகுளம், திருச்சூர் பக்கங்களில் வானத்தில் பெரிய தீப்பந்தம் ஒன்று ஓடியது பலருக்கு நினைவிருக்கும். சத்தம் கேட்டது, ஜன்னல் அதிர்ந்தது என்றெல்லாம் மறுநாள் ஒரே பேச்சு. ரயில்வேக்காரருக்குக் கல்லைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று யார் கிளப்பிவிட்டார்களோ, ஒரு வாரம் எங்கள் தெருப் பையன்கள் என்னிடம் கல் கொண்டுவந்த வண்ணம் இருந்தார்கள். "அங்கிள், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்றுகூட வானத்திலிருந்து வந்ததில்லை.

அந்தப் பையில் என்னென்ன இருந்தன என்று சொன்னால் உங்களுக்கும் உபயோகப்படும். பாதிக்கு மேல் நம் ஊர் வெட்டுக்கல்லில் இருந்து உதிர்ந்த இரும்புச்சத்துள்ள கருஞ்சிவப்பு உருண்டைகள். பார்க்க எரிந்த மாதிரியே இருக்கும், கையில் கனக்கும். அடுத்தது பட்டறைக் கசடு. படகு கட்டும் இடங்களிலும் பழைய வார்ப்படப் பட்டறைகளிலும் இரும்பு உருக்கிக் கொட்டியது, கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். காந்தம் ஒட்டும். மூன்றாவது எனக்கு மிகவும் வேண்டியது. நீராவி எஞ்சினின் நெருப்புக் கூண்டில் நிலக்கரிச் சாம்பல் உருகிக் கட்டிதட்டி வருமே, கிளிங்கர், அது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டில் கிளிங்கரை நீண்ட கம்பியால் குத்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்து ஓரம் எங்கே தோண்டினாலும் இப்போதும் கிடைக்கும். பையன் அதை ஒரு டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தான். பாவமாக இருந்தது.

இவற்றில் கசடுக்கும் கிளிங்கருக்கும் பொதுவான அடையாளம், உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை இருப்பது. உடைந்த முகத்தில் தேன்கூடு மாதிரித் தெரிந்தால் அது விண்கல் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெட்டுக்கல் உருண்டைக்கு மேலே ஓடு என்று தனியாக ஒன்று இராது. புதிதாக விழுந்த விண்கல்லுக்கு மேலே மெல்லிய கறுப்பு ஓடு இருக்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, முட்டை ஓடு மாதிரி. சில கற்களில் களிமண்ணைக் கட்டைவிரலால் அமுக்கின மாதிரிப் பள்ளங்கள் தெரியும். ஓடு பெயர்ந்த இடத்தில் உள்ளே சிமெண்ட் நிறத்தில், ஆங்காங்கே உலோகப் பொடி மின்னும். கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் விண்கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு பயிற்சிக்காக அங்கே போயிருந்தபோது அரை நாள் அவற்றின் முன்னாலேயே நின்றேன். ஒரு தடவை அந்த ஓட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கிளிங்கரைப் பார்த்து ஏமாற மாட்டோம்.

தீப்பந்தம் ஓடியது என்றால் கல் கொதிக்கக் கொதிக்க விழும், புல் கருகியிருக்கும் என்று நினைக்கிறோம். நிஜம் அப்படி இல்லை. விண்கல் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது வேகம் விநாடிக்குக் குறைந்தது பதினொரு கிலோமீட்டர். அந்த வேகத்தில் மேற்பரப்பு உருகி உருகிப் பின்னால் பறந்துவிடும். சூடு உள்ளே இறங்க நேரம் கிடையாது. தரைக்கு மேலே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது வேகம் குறைந்து வெளிச்சம் அணைந்துவிடும். அதன்பின் சில நிமிடம், மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி, இருட்டில் சும்மா விழுகிறது. மேலே இருக்கும் காற்று பனிக்கட்டியைவிடக் குளிர்ந்தது. ஆகவே கையளவுக் கல் தரைக்கு வரும்போது இளஞ்சூடாகவோ குளிர்ந்தோதான் இருக்கும். நம் கொடுங்கல்லூரில் கல் விழுந்த அதே 1917-ல் அமெரிக்காவில் கோல்பி என்ற ஊரில் விழுந்த கல்லின் மேல் உறைபனி படிந்திருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே கருகிய புல்லைத் தேடிப் போகிறவர்கள் தப்பான இடத்தில்தான் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு விதத்துக்கும் உதாரணம் உண்டு, அதுவும் அடுத்தடுத்த ஜில்லாவில். 2008 செப்டம்பர் 12 காலை எட்டரை மணி சுமாருக்கு ஓசூரை அடுத்த சூளகிரிப் பக்கம் வெடிச் சத்தத்தோடு கற்கள் விழுந்தன. மொத்தம் நூற்றுப்பத்துக் கிலோ. சந்தேகத்துக்கு இடமில்லாத விண்கல், சூளகிரி என்ற பெயரிலேயே பட்டியலில் ஏறிவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் எத்தனையோ பேர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அந்த ஊரைத் தாண்டிப் போகிறோம்.

மற்றது 2016 பிப்ரவரி 6-ந் தேதி நடந்தது. அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு. பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார், கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம். விண்கல் விழுந்து இறந்தார் என்று மாநில அரசே அறிவித்து, குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் நிவாரணமும் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. படங்களைப் பார்த்த அமெரிக்க நாசா விஞ்ஞானிகள், இது தரையிலேயே நடந்த வெடிப்புப் போலத்தான் இருக்கிறது என்றார்கள். ஒரு மனிதர் உயிர் போயிருக்கிறது. எதனால் போனது என்று துருவிப் பார்க்க வேண்டிய நேரத்தில், வானத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால் பூமியில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வேயில் விபத்து விசாரணைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. விண்கல்லை அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, நிஜமாகவே விழுந்துவிட்டது. அப்புறம் என்ன அவசரம்?

முதல் அவசரம் கல்லுக்குள்ளேயே ஓடும் கடிகாரம். விண்வெளியில் இருக்கும்வரை அண்டக் கதிர்கள் அதைத் தாக்கித் தாக்கி, கதிரியக்கம் உள்ள சில அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பூமிக்கு வந்ததும் அந்த உற்பத்தி நின்றுவிடும். இருக்கிற சரக்கு தேய ஆரம்பிக்கும். சோடியம்-24 என்பது பதினைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். வனேடியம்-48-க்குப் பதினாறு நாள். கோபால்ட்-56-க்கு இரண்டரை மாதம். கல் எவ்வளவு பெரிதாக இருந்தது, கடைசியாக எந்தப் பாதையில் வந்தது என்பதற்கெல்லாம் இவை சாட்சி. ஒரு மாதம் அலமாரியில் வைத்துவிட்டுக் கொடுத்தால் முதல் சாட்சி செத்துப்போயிருக்கும். 1976 ஜனவரி 28-ந் தேதி குஜராத்தில் தஜாலா என்ற இடத்தில் கற்கள் விழுந்தபோது, ஆமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் பக்கத்திலேயே இருந்தது நல்லதாயிற்று. நரேந்திர பண்டாரியும் மற்றவர்களும் அந்தக் கற்களை எடுத்துச் செய்த ஆராய்ச்சி உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

இரண்டாவது அவசரம் தண்ணீர். இதை நான் சொல்லித்தான் கொச்சிக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமா? துறைமுகத்துக்குப் போகும் லைனில் தண்டவாளத்தின் அடிப்பாகத்தை உப்புக்காற்று எப்படி அரிக்கும் என்று பார்த்து வயிறெரிந்தவன் நான். பெரும்பாலான விண்கற்களில் இரும்பும் நிக்கலும் பொடிப்பொடியாகக் கலந்திருக்கின்றன. வானத்தில் ஈரம் இல்லை, ஆக்சிஜன் காற்று இல்லை, துருவும் இல்லை. இங்கே வந்து ஒரு மழை நனைந்தால் போதும், கறுப்பு ஓட்டில் செம்பழுப்புத் திட்டுக்கள் தெரிய ஆரம்பிக்கும். உப்பு கலந்த ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், துரு உள்ளே போய்க் கல்லையே பிளக்கும்.

துருவைவிட நாசூக்கான விஷயங்களும் உண்டு. 2022 ஆகஸ்ட் 17-ந் தேதி மாலை குஜராத்தில் பனஸ்காந்தா ஜில்லா தியோதர் தாலுகாவில் ஒரு கல் விழுந்தது. நம் மட்டாஞ்சேரி குஜராத்தித் தெருவில் உள்ள நண்பர் ஒருவர்தான் அப்போது அவர்கள் பத்திரிகையில் வந்திருந்த செய்தியை எனக்குப் படித்துக் காட்டினார். ராவேல் என்ற கிராமத்தில் வேப்பமரக் கிளையில் மோதிச் சிதறியிருக்கிறது. பக்கத்து ரந்திலா கிராமத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் விழுந்து தரை ஓட்டை உடைத்திருக்கிறது. கிடைத்ததில் பெரிய துண்டு இருநூறு கிராம் அளவுதான். ஆனால் ஆமதாபாத் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது அது ஆப்ரைட் என்ற மிக அபூர்வமான வகை என்று தெரிந்தது. இந்தியாவில் அந்த வகை அதற்கு முன் விழுந்தது 1852 டிசம்பரில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பஸ்தியில். நூற்றெழுபது வருட இடைவெளி!

அந்தப் பஸ்திக் கல்லில் ஒரு புதுக் கனிமத்தை 1862-ல் கண்டுபிடித்தார்கள். கால்சியமும் கந்தகமும் சேர்ந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையை அப்போது நடத்திவந்த தாமஸ் ஓல்டாம் பெயரால் அதற்கு ஓல்டாமைட் என்று பெயர் வைத்தார்கள். ஈரக்காற்று பட்டாலே கெடத் தொடங்கும் கனிமம் அது. பூமியின் சாதாரணப் பாறைகளில் அதைக் காண முடியாது. ஆகஸ்ட் மாத மழைக்காலத்தில் ஆப்ரைட் ஒன்று வேப்பமரத்தடியில் விழுந்தால், முதலில் பொறுக்கி எடுத்தவர்களின் கவனத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரிமம் கலந்த கறுப்புக் கற்கள் இன்னும் மென்மையானவை. 2017 ஜூன் 6-ந் தேதி விடியற்காலை ஜெய்ப்பூரை அடுத்த முகுந்த்புரா கிராமத்து வயலில் விழுந்தது அப்படி ஒன்று. சிறு பள்ளம் தோண்டிக்கொண்டு, தானும் உடைந்துபோய்க் கிடந்தது. சுமார் இரண்டு கிலோ. ராஜஸ்தானில் பருவமழை வருவதற்கு முன்னால் விழுந்ததும், நிலவியல் ஆய்வுத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் நம் அதிர்ஷ்டம். இந்த ரகத்தில் களிமண் போன்ற கனிமங்களுக்குள் விண்வெளித் தண்ணீரே அடைபட்டு இருக்கும். பூமித் தண்ணீர் அதோடு கலந்துவிட்டால் எது எந்தத் தண்ணீர் என்று பிரிப்பது பெரும்பாடு.

2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தில் வின்ச்கோம் என்ற சிறு ஊரில் இதே ரகக் கல் ஒரு வீட்டு வாசலில் வந்து விழுந்தது. மறுநாள் காலை வாசலில் கரித்தூள் கொட்டின மாதிரி இருந்ததைப் பார்த்த வீட்டுக்காரர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான பைகளில் அள்ளி வைத்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சேகரமாகிவிட்டது. அந்தத் தூளில் இருந்த தண்ணீர் நம் கடல் தண்ணீரின் வார்ப்பை ஒத்திருக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தும், சில மாதங்களுக்குள் அதன் மேல் பூமியின் ஈரத்தால் உப்புப் படிகங்கள் முளைத்திருந்தன. லண்டன் குளிரில் அந்தக் கதி என்றால் நம் ஜூன் மாதத்தில் என்ன ஆகும்! 2000-ம் ஆண்டு ஜனவரியில் கனடாவில் டாகிஷ் ஏரியின் உறைந்த பனிமேல் கல் விழுந்தபோது, ஜிம் புரூக் என்ற உள்ளூர்க்காரர் கை படாமல் பிளாஸ்டிக் பைகளில் பொறுக்கி, பனி உருகாமல் அப்படியே குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். விஞ்ஞானி அல்ல அவர். ஆனால் அவர் செய்தது உலகத்து விண்கல் ஆய்வாளர்கள் எல்லோரும் இன்றும் சொல்லிப் புகழும் காரியம்.

தேடும் முறையைப் பற்றிச் சொல்லும்போது நான் ரயிலை இழுக்காமல் இருக்க முடியாது, மன்னிக்கவும். 2008 அக்டோபர் 6-ந் தேதி அமெரிக்காவில் அரிசோனாவில் உள்ள ஒரு தொலைநோக்கி வழியாக, பூமியை நோக்கி வரும் பாறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குறுக்களவு நாலு மீட்டர்தான். இருபது மணி நேரத்துக்குள் சூடானின் வடக்கே நூபியப் பாலைவனத்தின் மேல் அது வெடித்துச் சிதறியது. வானத்தில் முதலில் பார்த்து, பிறகு அது விழுந்த துண்டுகளைத் தரையில் எடுத்தது மனித வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அந்தப் பாலைவனத்தின் குறுக்கே வாடி ஹல்பாவிலிருந்து ஒரு ரயில் பாதை போகிறது. 1897-ல் கிச்சனர் படையெடுப்புக்காகப் போட்ட பாதை. நடுவில் ஊரே கிடையாது. அதனால் ஸ்டேஷன்களுக்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். ஆறாம் நம்பர் ஸ்டேஷனில் இருந்தவர்கள் விடியற்காலையில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷத்தாதும், அமெரிக்காவிலிருந்து வந்த பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் நாற்பத்தைந்து மாணவர்களையும் ஊழியர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் கைக்கு எட்டாத தூரத்தில் பக்கம் பக்கமாக நின்று, ஒரே வரிசையாக மணலைப் பார்த்துக்கொண்டே நடப்பது. அவ்வளவுதான் கருவி. முதல் பயணத்தில் பதினைந்து கற்கள். பிறகும் போய்ப் போய்க் கடைசியில் அறுநூறு துண்டுகள், பத்துக் கிலோவுக்கு மேல். அந்த விண்கல்லின் பெயர் அல்மஹாத்தா சித்தா. அரபியில் "ஆறாம் ஸ்டேஷன்" என்று அர்த்தம். ஒரு ரயில்வே ஸ்டேஷன் நம்பர் வானவியல் புத்தகங்களில் ஏறிவிட்டது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

நம் கீமேன் தினமும் பாதையில் நடப்பதும் இதே வித்தைதான். எதையும் தேடாமல், வழக்கத்துக்கு மாறாக எது கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். தேடுபவர் நூறு கல்லைப் பார்ப்பார். பார்ப்பவருக்கு அந்த இடத்தில் இருக்கக் கூடாத ஒரு கல் தெரியும்.

எங்கே நடப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. உடைந்து விழும் துண்டுகள் தரையில் நீள்வட்டமாகப் பரவும். கனமானவை வேகம் குறையாமல் தூரத்துக் கோடியில், சின்னவை முன் கோடியில், அதுவும் மேல்காற்று தள்ளின பக்கமாக. தீப்பந்தத்தைப் பார்த்தவர்கள் "பெரிசா இருந்தது சார்" என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தத் தென்னை மரத்துக்கு மேலே தோன்றி எந்த மாடி மூலையில் மறைந்தது என்று நின்ற இடத்திலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஊரிலிருந்து இரண்டு பேர் அப்படிக் குறித்துக் கொடுத்தால், தியோடலைட் வைத்து அளப்பது மாதிரி முக்கோணம் போட்டுவிடலாம். இப்போது கடைக்குக் கடை சிசிடிவி இருக்கிறதே, அது இன்னும் மேல். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணுவதும் நல்லது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். மழையை அளக்கும் டாப்ளர் ராடார்கள் விழுந்துகொண்டிருக்கும் கற்களையே காட்டிக்கொடுத்த சம்பவம் அமெரிக்காவில் பல உண்டு. கொச்சியிலும் அப்படி ஒரு ராடார் இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவது, கல் கிடைத்தே விட்டால். எடுக்குமுன் கிடந்தபடியே ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயமோ பேனாவோ வைத்து. கைபேசியில் இடத்தின் குறிப்பு, நேரம். வெறும் கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்துப் பொதிந்து, மூடக்கூடிய புதுப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வெளிப்பையில் வைக்கலாம். கல்லின் மேல் எழுதக் கூடாது. தண்ணீர், சோப்பு, துணியால் துடைப்பது, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது எதுவும் வேண்டாம். வானத்திலிருந்து வந்தது என்று மஞ்சள் குங்குமம் வைத்து அபிஷேகம் செய்ய நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். பக்தி இருக்கட்டும், பைக்கு வெளியிலிருந்தே கும்பிடலாம். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

காந்தத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விண்கல் என்றால் காந்தம் வைத்துப் பார் என்று பழைய புத்தகம் எல்லாம் சொல்கிறது. மொரோக்கோ பாலைவனத்தில் 2011-ல் கிடைத்த "கறுப்பழகி" என்ற பட்டப்பெயருள்ள செவ்வாய்க் கல்லில், செவ்வாய்க் கிரகத்தின் ஆதிகாலக் காந்தப்புலத்தின் பதிவு இருந்திருக்க வேண்டும். ஆனால் விற்பவர்களும் வாங்குபவர்களும் கைக் காந்தத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்ததில் அது அழிந்துபோனது என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பழைய கேஸட்டின் மேல் காந்தம் வைத்தால் பாட்டு போய்விடுமே, அதே கதை. ஆகவே சந்தேகக் கல்லின் கிட்டே காந்தத்தைக் கொண்டுபோக வேண்டாம், ஓட்டைக் கண்ணால் பார்த்தால் போதும்.

கல்லை யாரிடம் கொடுப்பது? நம் நாட்டில் விண்கற்களுக்கு அதிகாரபூர்வக் காப்பாளர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. 1851-ல் தொடங்கியது, தலைமை அலுவலகம் கல்கத்தாவில். கேரளத்துக்கான அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ சொன்னாலும் அங்கே தெரிவிக்கச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வேறு ஒரு கூட்டம் வரும். வானத்துக் கல், இரிடியம், அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை என்று சொல்லி முன்பணம் கேட்பார்கள். இந்த "ரைஸ் புல்லிங்" மோசடியில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வீடு வாசலை இழந்தவர்கள் உண்டு. அரிசியை இழுக்கும் விண்கல் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

கொச்சியில் விழுந்தால் கிடைக்குமா என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். பாதி காயலில் போய்விடும், மீதியில் பாதி சதுப்பில். உலகம் பூராவும் பார்த்தால் விழுந்ததைக் கண்டு உடனே எடுத்த கற்கள் வருடத்துக்கு எட்டு, பத்துதான் தேறுகின்றன. ஆனாலும் இங்கே தார், சிமெண்ட், ஓடு, தகரம் என்று சமமான தளங்கள் நிறைய இருக்கின்றன. வில்லிங்டன் தீவின் பழைய யார்டு, பஜார் ரோடு கோடவுன்களின் ஓட்டுக் கூரை, நம் வீட்டு மொட்டை மாடி. ராத்திரி வானத்தில் பெரிய வெளிச்சம் ஓடிச் சத்தமும் கேட்டது என்றால், காலையில் வேலைக்காரம்மா துடைப்பத்தோடு ஏறுமுன் நீங்கள் ஒரு தடவை மாடிக்கு ஏறிப் பாருங்கள். உடைந்த ஓடு, தகரத்தில் புது ஓட்டை, மூலையில் முன்பு இல்லாத ஒரு கறுப்புக் கல். எடவப்பாதி தொடங்கிவிட்ட பிறகு என்றால், மழை பிடிப்பதற்குள் ஏற வேண்டும்.